முப்பத்தோரு டிகிரி

கேட்டுக்கு வெளியிலேயே ஓவராலைக் கழற்றிவிடுவேன்.
ஜூலையில் நார்த்டேல் குழாய்த் தண்ணீர்
எலும்பைக் கடிக்கும்.
இருந்தாலும் முழங்கைவரை மூன்று தரம் சோப்பு.
நகக்கண்ணில் மருந்து ஒட்டியிருந்தால் போதும்,
உள்ளே துணி அலமாரியில்
நாலாயிரம் உயிர் மல்லாந்துவிடும்.

என் வேலை கரப்பான் பூச்சி கொல்வது.
பதினெட்டு வருஷம், அதே கம்பெனி,
வேன் மட்டும் மூன்றாவது.
சலோஷினி கரப்பான் பூச்சி வளர்க்கிறாள்.
கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால்
தட்டோடு எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்கள்.

தவளையால் வந்தது.
கெரிஷா கேப் டவுனுக்குக் கிளம்பியபோது
இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று
விட்டுப்போன காளைத்தவளை.
ஆறு வருஷமாகிறது.
கவுன்சிலர் என்று பெயர் வைத்தோம்:
அசையாது, காது கொடுக்காது,
தின்னக் கிடைத்தால் மட்டும் வாய் திறக்கும்.
முப்பது வருஷம்கூட இருக்குமாம்.
எங்கள் மூவரில் யார் முந்துவோமோ.

கடையில் ஐம்பது பூச்சி எண்பது ராண்ட்.
சலோஷினி கணக்குப் போட்டாள்.
மறுவாரம் கறுப்புத் தொட்டி வந்தது.
மூடியைச் சதுரமாக அறுத்து வலை ஒட்டினாள்.
முட்டை அட்டைகளைப் படுக்கவைக்காதே,
நிறுத்தி அடுக்கு, பீ கீழே உதிரட்டும் என்றாள்.
ஒரு பக்கம் மட்டும் சூட்டுப்பாய்:
குளிர்கிறவை வரட்டும், சுடுகிறவை போகட்டும்.
காரட், பப்பாளித் தோல், பூனைத் தீனித் தூள்.
ஆரஞ்சு போட்டால் சீக்கிரம் பெருகுமாம்,
என்ன காரணமோ.

நான் கொல்கிற ஜாதி இல்லை இவை.
வழுவழுப்பில் ஏறத் தெரியாது.
ஆணுக்கு நீளக் கோட்டு போட்டதுபோல் சிறகு,
பெண்ணுக்குத் தோளில் இரண்டு துண்டு.
தோலுரித்த நிமிஷத்தில் ஊறிய அவல் நிறம்,
அப்போதுதான் கவுன்சிலருக்கு மிகவும் பிடிக்கும்.
புரட்டாசி முழுக்க எங்களுக்குப் பருப்பும் கீரையும்;
அவருக்கு மட்டும் தனிச் சமையல்.
விளக்கேற்றிவிட்டு இடுக்கியை எடுக்கும்போது
சலோஷினி சாமிப் பக்கம் பார்க்கமாட்டாள்.

போன குளிரில் ஒரு வியாழக்கிழமை
எட்டு மணிக்கு லோட்ஷெடிங்.
பத்துக்கு வரவேண்டியது வரவில்லை.
யாரோ கேபிளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
வெளியே புல்லில் உறைபனி.
தொட்டிக்குள் முப்பத்தொன்று
இருபத்தாறாகி, இருபத்திரண்டாகி.
கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி
கோக் பாட்டில்களில் ஊற்றி, என் காலுறைகளை மாட்டி
உள்ளே செருகினோம்.
பிறகு அவள் யோசிக்கவே இல்லை,
தொட்டியைத் தூக்கிக் கட்டிலில் நடுவே வைத்து
மெத்தைப்போர்வையை இழுத்து மூடினாள்.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.
காய்ந்த இலை நடப்பதுபோல் ஓர் ஓசை.

மூன்று மணி இருக்கும். தோளைத் தட்டினாள்.
டார்ச்சைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள்,
விரலிடுக்கில் வெளிச்சம் சிவப்பு.
அட்டை விளிம்பில் ஒரு பெண்பூச்சி.
வெளியே வந்த முட்டைக்கூட்டிலிருந்து
வெள்ளை வெள்ளையாக, எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக,
கால்களோடு.
இருபத்தேழு என்றாள்.
நான் பத்தொன்பதில் எண்ணிக்கை தவறிவிட்டேன்.
பதினெட்டு வருஷத்தில்
ஒன்று பிறந்து பார்த்ததில்லை.

காலையில் சர்ச் ஸ்ட்ரீட்டில் பேக்கரி.
அவன் ஏரோட்டத்தில் கத்திக்கொண்டிருந்தான்,
சுகாதாரக்காரர் பத்துக்கு வருகிறார் என்று.
அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்தேன்.
சின்ன ஜாதி, தவிட்டு நிறம்,
வயிற்று முனையில் முட்டைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு
ஒன்று நின்றது. ஓடவில்லை.
அங்கேதான் சூடு.
விசையை அழுத்தினேன்.
எப்போதும் அடிக்கிற அளவுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கரண்ட் வந்திருந்தது.
குழாயடியில் மூன்று தரம் கழுவி
கதவருகே கையை நீட்டினேன்.
தினமும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள்.
மணிக்கட்டு, உள்ளங்கை, விரலிடுக்கு.
நிமிர்ந்து என் முகத்தையும் ஒரு தரம்.

இன்னொரு தடவை கழுவிட்டு வா, என்றாள்.