ஐந்து கிளியும் ஒரு கிளியும்

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
எஞ்சின் உறையாதிருக்க
காரின் மூக்கிலிருந்து வயரை இழுத்துச் சுவரில் செருகிவிட்டு
உள்ளே போகிறேன்.
கோட்டுக்குள் இரண்டு கண்ணாடிகள்,
விலாவோடு ஒட்டிக் குளிர்கின்றன.

கையகலக் கண்ணாடிகள்.
முதுகில் பிளாஸ்திரி ஒட்டி
புத்தகம்போல் திறக்கவும் மூடவும் செய்திருக்கிறேன்.
ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரிதான். யாரும் எண்ணுவதில்லை.
அறுபது பாகை விரித்துத் துணிமேல் நிறுத்தினால்
ஒரு முக்கோணம் ஆறாகும்.
ஆறும் சேர்ந்து பூவாகும்,
அல்லது ஆகாது.

தானியக் கூட்டுறவின் எடைமேடை இருந்த இடம் இது.
முள் இன்னும் சுவரில் பூஜ்யத்தைக் காட்டுகிறது.
அதன் கீழே அலமாரி அலமாரியாகப் பருத்தி.

பொடி ரோஜாக்கள் இறைத்த துணி:
ஆறு மடங்கானாலும் அதே இறைப்பு.
புள்ளித் துணி: அம்மை போட்ட வட்டம்.
கோடு போட்டது சிலந்திவலையாகிறது,
எங்கே வைத்தாலும் சிலந்திவலை.
அழகான துணிகள் அழகாகவே இருந்துவிடுகின்றன.
அவற்றைக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

கடைசித் தட்டில், தரையோடு,
கிளிகளும் அன்னாசிகளும்.
இடையிடையே எந்தப் பழமும் பழுக்காத ஓர் ஊதா.
"அதை மட்டும் வேண்டாம், ஆர்டிஸ்" என்கிறாள் வெல்மா ஃப்ரீசன்.
"நாலு வருஷம். மூன்று தரம் விலை குறைத்துவிட்டேன்.
நாய்க்குப் படுக்கை தைக்கக்கூட யாரும் கேட்கவில்லை."

மண்டியிட்டுக் கண்ணாடியைக் கிளியின் கண்ணில் வைத்தேன்.
ஆறு அலகுகள் ஒன்றையொன்று தொட்டன.
வாலுக்கு நகர்த்தினேன்,
சக்கரம் ஒன்று தீப்பிடித்துச் சுழன்றது.
அன்னாசித் தலையில்
பச்சையாய் ஒரு பனித்துகள்.
கிளியைக் காணோம். அன்னாசியையும் காணோம்.
வெல்மாவும் கண்ணாடிமூக்கைத் தள்ளிக்கொண்டு
தரைக்கு வந்துவிட்டாள்.

நாள் முழுக்க நான் பார்ப்பது இடதும் வலதும்தான்.
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்.
இரு பக்கமும் ஒத்துப்போன ஓர் உடம்பை
பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை.
நேற்று வந்த லாரிக்காரருக்கு
ஒரு பக்கம் பன்னிரண்டு விலா, மறுபக்கம் பதிமூன்று.
நான் சொல்லவில்லை.
சொல்வது டாக்டரின் வேலை.

அலகிலிருந்து அதே கிளியின் அடுத்த அலகுவரை
அறுபத்தொரு சென்டிமீட்டர்.
அப்படி ஆறு வேண்டும்.
உருட்டி உருட்டிப் பிரித்தோம்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
ஆறாவதற்கு வால் மட்டும் இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டாள்.
அச்சடிப்பதை நிறுத்தியாயிற்றாம்.
போனை வைத்துவிட்டுச் சற்று நேரம்
எடைமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனாள்.
ஏதோ கழன்று விழும் சத்தம்.

கழிவறை ஜன்னலின் திரை.
தெற்குப் பார்த்த ஜன்னல், நாலு கோடை.
ஊதா, பால் கூடிப்போன டீயாகியிருந்தது.
கிளியின் சிவப்பு
சாப்பிட்டு எழுந்தபின் உதட்டில் மிஞ்சும் சாயம்.
"விளிம்பைத் தைத்தது நான்தான், பிரித்துத் தருகிறேன்" என்றாள்.
ஜன்னலில் பழுப்புத் தாளை ஒட்டினாள்.
இதற்குப் பணம் வாங்கவில்லை.

இரவு, சமையல் மேஜைமேல்
ஆறையும் அடுக்கி
ஆறு கண்களிலும் ஒரே ஊசியை இறக்கினேன்.
வெட்டினேன். முதல் பூ:
ஐந்து இதழ் கூச்சலிட
ஒன்று மட்டும் மெதுவாகப் பேசியது.
சரி செய்ய வழி உண்டு,
டீயில் ஊறவைத்தால் மற்ற ஐந்தும் மங்கும்.
கெட்டிலைப் போட்டேன்.
டீயை நானே குடித்தேன்.

வெல்மா காலையில் கூப்பிட்டாள்.
"கழிவறைத் திரை என்று
யாரிடமும் சொல்லமாட்டாயே?"

சொல்லமாட்டேன் என்றேன்.
பதிமூன்றாவது விலாவையே
நான் சொல்லவில்லை.