இருமுறை அழுத்தவும்

காரங்காட்டு மாதா திருவிழாவுக்கு
எட்டு பேட்டரி எடுத்துப் போனேன்.
மைக்குக்கு ஒரு ரோமக் குல்லாய்:
கொண்டல் காற்று காது மடலைக் கடிக்கும் ஊர் அது.
டப்பாவுக்குள் ஒரு பொட்டலம் சிலிக்கா மணி,
உப்புக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை என்று தெரிந்தும்.

போன வருஷம் தொண்டியில்
பேட்டரி முனையில் பச்சை பூத்து
ஆலாபனை பாதியில் இருக்க
கருவி கண்ணை மூடிக்கொண்டது.
அதற்கு முந்தி உப்பூரில்,
"கார்டில் பிழை" என்றது.
என்ன பிழை என்று சொல்லவில்லை.
யார் பிழை என்றும்.

இந்த முறை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.
முனைகளை அழிரப்பரால் தேய்த்தேன்.
கார்டைத் துடைத்து வெற்றாக்கினேன்.
தவிலுக்கு நேர் எதிரே வைத்தால் எல்லாம் சிதறும்;
அதனால் மூன்று முழம் தள்ளி,
கருவாடு காய்கிற பந்தல்காலில்
வலைக்கயிற்றால் கட்டினேன்.
அழுத்தினேன்.
சிவப்பு சிமிட்டியது.
காதுக்குழலில் தவில் வந்து விழுந்தது.
பட்டைகள் எழும்பின, உச்சியைத் தொடாமல் இறங்கின.
வேறென்ன வேண்டும்?

இரண்டரை மணி நேரம்.
பூமிபாலன் கரகரப்பிரியாவை
அலையாத்திக் காட்டுக்குள் விட்டார்;
அது வேர் வேராக ஏறி இறங்கி
சேறு படாமல் திரும்பி வந்தது.
பிறகு கூரிச்சாமியின் தனி.
வலது விரல்களில் கூடு, இடது கையில் கழி,
முன்வரிசையில் மீன் ஏலக்காரர்கூட
ஏப்பத்தை அடக்கிக்கொண்டார்.
நானா? நான் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் மறுபடி அழுத்தினேன்.
பூட்டு விசையைத் தள்ளிப் பைக்குள் போட்டேன்.
சிவப்பு இப்போது சிமிட்டாமல் நின்றதை
பை மட்டும் பார்த்தது.

திருவாடானை விடுதியில், இரவு ஒன்றரைக்கு,
ஒரே ஒரு கோப்பு.
திறந்தால் நாற்காலி மடக்கும் சத்தம்.
ஜெனரேட்டர் இருமி அடங்குகிறது.
"சாம்பார் வாளி யாருகிட்ட?"
குறிப்பேட்டின் பதினோராம் பக்கம்:
ஒருமுறை அழுத்தினால் கருவி காத்திருக்கும்.
மறுமுறை அழுத்தினால் பதியும்.

காத்திருந்திருக்கிறது.
இரண்டரை மணி நேரம், அவ்வளவு மரியாதையாக.

விடியுமுன் கூரிச்சாமியின் அழைப்பு.
"தாயி, நேத்து எடுத்தியே,
அந்தத் தனி…"
"பதியலண்ணே."
"ஒண்ணுமேவா?"
"ஒண்ணுமே."
அந்தப் பக்கம் ஒரு பஸ் கடந்து போனது.
அதற்குப் பின் வந்த குரல்
தோளிலிருந்து தவில் வாரை இறக்கிய குரல்.
"போகுது விடு. மெஷினுதானே.
அடுத்த மாசம் மோர்ப்பண்ணை, வந்திரு."
திட்டியிருந்தால் தேவலை.

ஒன்றுமே என்றது முழுப்பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.
அந்த அழைப்புக்குப் பிறகுதான்
பையின் சத்தத்தை முழுக்கக் கேட்டேன்.
ஏழாவது நிமிஷம்: துணி உரசல், ஜிப் இழுபடுகிறது,
கொஞ்சம் தள்ளி அவர்,
"மூணாவது கோர்வையில முந்திட்டேன் பாலா.
ஒருத்தருக்கும் தெரியல.
அந்தப் பிள்ளை மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கும்."
பாலன் ஏதோ சொல்கிறார். அலை அதைத் தின்கிறது.
பிறகு கூடு கழற்றிய வெறும் விரல் தொடையில் தட்ட
வாயாலேயே சொல்லிப் பார்க்கிறார்,
ததிங்கிணதொம்,
ததிங்கிணதொம்,
கொஞ்சம் நிறுத்தி, எச்சில் விழுங்கி,
ததிங்கிணதொம்.
விழ வேண்டிய இடத்தில் விழுகிறது.
அதற்குப் பின் என் குரல், மிக அருகே,
ஆட்டோக்காரரிடம், பெருமையாக:
"எல்லாம் சுத்தமா பதிஞ்சிருச்சுண்ணே."

கோப்புக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
அழிக்கவும் இல்லை.
அவரிடம் சொல்வதா என்று
மோர்ப்பண்ணை வரைக்கும் யோசிக்க நாளிருக்கிறது.
கருவியின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி
"ரெண்டு தடவை" என்று மையால் எழுதியிருக்கிறேன்.
இரண்டாவது எழுத்து
ஏற்கெனவே உப்பில் கசிகிறது.