இருபத்துமூன்று மணி நேரம்

சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு
தையல் மிஷின்மேல் பழைய போர்வையைப் போடுகிறேன்.
ஊசியில் நூல் கோத்தபடி இருக்கிறது.
பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு
இடது கை இன்னும் வைக்கவில்லை.
இருக்கட்டும்.

நுகுவாலோஃபாவில் ஞாயிறென்றால்
பந்து உருளாது, விமானம் இறங்காது,
மாலையில் ரொட்டிக்கடைக்கு மட்டும் மன்னிப்பு.
பன்றிகள்தான் சட்டம் தெரியாமல்
குட்டிகளோடு தெருவைக் கடக்கும்.

விடியுமுன் குழியில் கல்லைக் காய்ச்சி
சேம்பிலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து
மண்ணை மூடிவிட்டால்
அப்புறம் எனக்கு வேலையில்லை.
இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு ஆலயத்துக்குப் போகிறேன்.
"ஏழாம் நாளிலே ஓய்ந்திருந்தார்" என்று
போதகர் வாசிக்கிறார்.
அவருடைய துப்பேனுவின் விளிம்பில்
மூன்று விரற்கடை தையல் விட்டிருக்கிறது.
என் விரல்கள் துறுதுறுக்கின்றன.
நாளைக்கு, என்று மடக்கிக்கொள்கிறேன்.

லொபேத்தி,
ஹொனலுலுவில் உனக்கு அப்போது சனிக்கிழமை.
யார் வீட்டுக் கூரையிலோ தகடு அடிக்கிறாய்.
கடிகாரத்தில் நமக்குள் ஒரு மணிதான் வித்தியாசம்;
நாள்காட்டியிலோ ஒரு தாள்.
என் ஞாயிறு முழுக்க ஆறித் தீர்ந்த பிறகு
உன்னுடையது அங்கே வந்து சேர்கிறது.
அதையும் நீ ஓட்டல் சலவைக்கூடத்துக்கு
இரட்டைச் சம்பளத்துக்கு விற்றுவிடுகிறாய்.

குற்றம் சொல்லவில்லை.
அந்தப் பணம்தானே இங்கே காணிக்கைக் கவரில்.
வருஷத்துக்கொரு நாள்
பெயரையும் தொகையையும் உரக்க வாசிப்பார்கள்.
எந்தக் கிழமை சம்பாதித்தது என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஓய்வுநாளா?" என்று போனில் சிரித்தாய்.
"இங்கே அதற்குப் பெயர் தூக்கம்."
பின்னால் உலர்த்தும் எந்திரம் உருண்டுகொண்டிருந்தது.

அதனால்தான்
திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு,
ஊரெல்லாம் விளக்குமாற்றுச் சத்தம் கிளம்பும்போது,
நான் போர்வையை எடுப்பதில்லை.
உனக்கு அது ஞாயிறு, மணி பத்து.
கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
ஜெபம்கூட இல்லை.
ஈ ஒன்று கத்தரிக்கோல்மேல் நடக்கிறது.

லூசேயனே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து
"உடம்புக்கு என்ன?" என்கிறாள்.
ஒன்றுமில்லை.
"அப்போ என் பிள்ளையின் சட்டை?"
வரும்.
"திங்கட்கிழமையும் பண்டிகையோ உனக்கு!"

ஒருவன் உழைக்க
இன்னொருத்தி அவனுக்காகச் சும்மா இருப்பது
கர்த்தரின் கணக்கில் ஏறுமா, தெரியாது.
போதகரிடம் கேட்கலாம்.
கேட்டு அவர் இல்லையென்றுவிட்டால்?

பத்து மணிக்கு மிதியைத் தொடுகிறேன்.
இழந்த ஒரு மணியை
இரவில் விளக்கெரித்துத் தைத்துச் சரிக்கட்டுவேன்.
மின்சாரத்துக்குக் கட்டுவதும்
நீ அனுப்பும் பணம்தான், லொபேத்தி,
அந்த ஞாயிற்றுப் பணம்.

முதலில்
அந்த இடது கை.