கிச்சாப்பின் தாள்கள்

லோகா,
அதற்கு நம்பர் கிடைத்துவிட்டது.
பதினைந்து எண்.
கழுத்துக்குப் பின்னால்
இரண்டு தோள் எலும்புக்கும் நடுவில்
ஓர் அரிசி அளவுச் சில்லு.
பகாவில் டாக்டர் ஊய் கருவியைக் கிட்டே கொண்டுபோனதும்
கீச்சென்று கத்தியது கருவிதான்.
கிச்சாப் கத்தவில்லை.
நீ பிடிக்காமல் அது ஊசி குத்திக்கொண்டது
இதுதான் முதல் தடவை.

போன வருஷம் நீ போட்டுவிட்டுப் போன
வெறிநாய்த் தடுப்பூசி செல்லாதாம்.
சில்லு முதலில், ஊசி பிறகு.
சில்லுக்கு முன்னால் போட்டதை
எந்த நாய்க்குப் போட்டதென்று எப்படி நம்புவது
என்று கேட்டார் டாக்டர்.
அவர் முன்னால் அதே நாய், அதே கிழிந்த காது,
எடைத் தட்டில் உட்கார்ந்து
அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.
மறுபடி போட்டோம். நூற்று இருபது வெள்ளி.

பாரத்தில்
நிறம்: கறுப்பு.
பிறந்த தேதி: தோராயம்.
இனம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
எண்ணெய் ஆலை வாசலில், குலை லாரிகளுக்கு நடுவே
கிச்சாப் போத்தல் அட்டைப்பெட்டிக்குள் கிடந்ததுக்கு
என்ன இனம்?
கலப்பு என்று எழுதுங்கள் என்றாள்
கவுண்டரில் இருந்த அஸ்லின்டா.
எழுதினேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
தகப்பன் பெயருக்குக் கட்டமே இல்லை, லோகா.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என் பாரம் உனக்குத் தெரியும்.
என் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பொன்னுரங்கன்,
அவருடைய கார்டில் பொனரங்கம்,
மரணச் சான்றிதழில் மூன்றாவதாக ஒருத்தர்.
மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று
சத்தியப் பிரமாணத்துக்குப் பத்து வெள்ளி கட்டி
சிரம்பானுக்கு நாலு தடவை போய்விட்டேன்.
ஐந்தாவது தடவை
செத்தவரைக் கூட்டி வா என்று சொல்லாத குறை.

கிச்சாப்பின் இரத்தம் மட்டும்
அதற்கும் எனக்கும் முன்னால் பறந்துவிட்டது.
பனிக்கட்டிப் பெட்டியில், இரண்டு மில்லி,
ஊசி வேலை செய்ததா என்று பார்க்க.
பூஜ்யம் புள்ளி ஐந்து இருந்தால் போதும் என்றார்கள்.
மூன்று வாரம் அந்த எண்ணையே
ஸ்டீரிங்கில் தட்டிக்கொண்டு குலை ஏற்றினேன்.
"நாலு நம்பர் எடுக்கிறியா?" என்றான்
மண்டோர் தெய்வசிகாமணி.
நேற்று வந்தது: நான்கு புள்ளி ஒன்று.
டாக்டர் ஊய் கை குலுக்கினார்.
என் கையைத்தான்.

பிறகு ஒரு கூத்து.
சும்மா விளையாட்டுக்கு அந்தக் கருவியை வாங்கி
என் தோளில் வைத்துப் பார்த்தேன்.
அஸ்லின்டா சிரித்தாள்.
கருவி வாயைத் திறக்கவில்லை.

இன்னும் ஆறு மாதம் கிடக்கிறது.
கூண்டு வந்துவிட்டது.
எழுந்து நின்றால் காது இடிக்கக் கூடாது,
ஒரு சுற்றுத் திரும்பிப் படுக்க வேண்டும்,
அதுதான் அளவு.
ஹாலில் போட்டதில் எனக்குத்தான் திரும்ப இடமில்லை.
முதல் நாள் மோந்து பார்த்து ஒண்ணுக்கு அடித்தது.
நாலாம் நாள் தலையை மட்டும் உள்ளே வைத்துத் தூங்கியது.
பின்பாதி இன்னும் மலேசியாவில்.

உண்ணி இருக்கக் கூடாதாம், ஒன்றுகூட.
செம்பனைப் பக்கம் விடாமல் சங்கிலி போட்டிருக்கிறேன்.
காட்டுப்பன்றி வாசம் வரும்போதெல்லாம்
அது என்னைப் பார்க்கிற பார்வையை எழுத மாட்டேன்.
ராத்திரி விளக்கைப் போட்டு
மயிரைப் பிளந்து பிளந்து தேடுகிறேன்,
நீ என் தலையில் நரை தேடுவாயே, அந்த மாதிரி.

பழகிய வாசனைக்கு ஒரு துணி வைக்கலாம் என்றார்
ஏஜெண்டு குணரத்தினம்.
என் லாரிச் சட்டையை வைக்கப்போகிறேன், துவைக்காமல்.
அதற்கு ஊசி கேட்கவில்லை.
அப்பன் பேர் கேட்கவில்லை.
மெல்பர்னில் இறக்கியதும் எரித்துவிடுவார்களாம்.
எரிக்கட்டும்.
அதுவரைக்கும் போகட்டுமே.