பதினோராவது நிமிடம்

ஹவ்காங் புளோக் கீழ்த்தளத்தில் வைத்தே
விற்றவன் சொல்லிவிட்டான்:
ஓடும், உத்தரவாதம் இல்லை.
நாற்பது வெள்ளி.
பையில் சிவப்பும் வெள்ளையுமாய் ஜப்பான் விளையாட்டுப் பெட்டி,
நூறு வோல்ட் மட்டுமே குடித்துப் பழகிய அடாப்டர்,
நம்மூர் இருநூற்று முப்பதை நூறாக்கித் தர
செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

பெட்டிக்கு விளக்கு கிடையாது.
உயிர் இருக்கிறதா என்று அதைக் கேட்க முடியாது,
தொலைக்காட்சியைத்தான் கேட்க வேண்டும்.
இருக்கிறது என்றது தொலைக்காட்சி.
பத்து நிமிடம் இருந்தது.
பதினோராவதில் வானம் சாம்பல் நிறமாகி
என் ஆள் பாதித் தாவலில் நின்று
கட்டம் கட்டமாய் உதிர்ந்தான்.
அணைத்து, ஆறவிட்டுப் போட்டால்
மறுபடி பத்து.

பகலில் நான் மின்தூக்கி பழுது பார்ப்பவள்.
புக்கிட் பாஞ்சாங்கில் நாற்பத்தாறு தூக்கிகள் என் பொறுப்பு.
நின்றுபோனால் முதலில் கூப்பிடுவது என்னை,
முதலில் திட்டுவதும்.
தரையில் உட்கார்ந்து மீட்டரை எடுத்தேன்.

சுவரில் இருநூற்று முப்பத்திரண்டு.
டிரான்ஸ்ஃபார்மரில் நூற்று மூன்று.
அடாப்டர் முனை, இந்தப் பெட்டிக்கு வழக்கத்துக்கு மாறாக
நடுவில் எதிர்மறை இருக்க வேண்டும்,
இருந்தது.
பத்து என்று எழுதிய இடத்தில் பதினான்கு காட்டியது.
பரவாயில்லை, சும்மா இருக்கும்போது
எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

கதவோரம் வீட்டுக்கார மேடம் ஆங்:
அது எத்தனை வாட்?
வாடகையில் மின்சாரமும் அடக்கம்,
கேட்க உரிமை உண்டு.
கருகிய வாடை வருது, என்றும் சொன்னார்.
நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு தூக்கி.
காலியாய்ப் பன்னிரண்டு முறை ஏறி இறங்கியது, குறையே இல்லை.
இரண்டு பேர் குளிர்பதனப் பெட்டியோடு ஏறினார்கள்,
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றது.
அங்கேயே, எண்ணெய்க் கையோடு,
என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அன்றிரவு ஆட்டம் ஓடும்போதே அளந்தேன்.
பத்து. ஒன்பதரை. எட்டு.
ஆறு ஆனபோது வானம் சாம்பல்.
பின்னோக்கிப் போனேன்:
நூற்று மூன்று, எழுபதாய் இளைத்திருந்தது.

செங்கலைத் திறந்தால்
எரிந்துபோன கண்ணாடி ஃபியூஸ்,
அதைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்,
விளிம்பெல்லாம் கறுத்து.

யாரோ ஒருவன்.
கடை மூடிய நேரம்,
கடைசிக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால்.
அவனைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை.
டயாலிசிஸ் போக வேண்டிய ஒருவர்
ஒன்பதாம் மாடியில் சக்கர நாற்காலியில் காத்திருந்த காலையில்
கதவின் காவல் தொடர்பை
ஒரு துண்டுக் கம்பியால் நானும் ஏமாற்றியிருக்கிறேன்.
ஒரே ஒரு இறக்கம்.
பதிவேட்டில் எழுதவில்லை.

சிம் லிம் டவரில் ஃபியூஸ் ஒன்று முப்பது காசு,
பத்தாகத்தான் தருவானாம்.
ஒன்பது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

பதினோராவது நிமிடம் வந்தது, போனது.
வானம் நீலமாகவே இருந்தது.
நான்கைந்து வாட், மேடம், என்றேன்,
ஒரு மணி நேரத்துக்கு ஒரு காசுகூட ஆகாது.
அவர் நம்பவில்லை, ஆனால் உட்கார்ந்தார்.
இரண்டாவது கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார்,
இதில் என்ன ஓட்டை?
மைக், என்றேன். பேசலாம்.

உதட்டருகே கொண்டுபோய்
ஹொக்கியனில் ஏதோ சொன்னார்.
தொலைக்காட்சிக்குள்ளிருந்து
கரகரவென்று அதே குரல் வந்தது.
அவர் தொலைக்காட்சியை முறைத்தார்.
பிறகு, எனக்கும் புரியட்டும் என்று, ஆங்கிலத்தில்,
இன்னும் சத்தமாக:
மணி பன்னிரண்டாச்சு, யார் பில் கட்டுறது?

என் ஆள் பள்ளத்தில் விழுந்தான்.
இன்னும் இரண்டு உயிர் பாக்கி.