பதினான்காம் கேள்வி

தந்தை வாரத்தில் எத்தனை மணிநேரம்
குழந்தையோடு செலவிடுகிறார்?
நாகர்கோவிலில், மின்விசிறி சத்தமிடும் அறையில்
நான்தான் எழுதினேன் இதை.
நான்கு கட்டங்கள், ஒன்றில் டிக் போட வேண்டும்.
துறைக் கூட்டத்தில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

வள்ளவிளையில், கடற்சுவருக்கு இரண்டு வீடு தள்ளி,
மீன்சருவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த ஜெனோவா
"எந்த வாரம் டீச்சரே?" என்றாள்.
"அவரு தங்கலுக்குப் போயி இண்ணைக்கு முப்பத்தொண்ணு."

சரி, அது இருக்கட்டும் என்று
தராசை எடுத்தேன்.
கான்கிரீட் கூரையில் மாட்ட ஒரு கொக்கி இல்லை.
சன்னல் கம்பியில் கட்டினேன், சாய்ந்தது.
அவள் அதற்குள் பிள்ளையை இரு கைகளிலும் ஏந்தி
ஒருமுறை மேலும் கீழும் அசைத்தாள்,
சூரையை அசைத்துப் பார்க்கிற மாதிரி.
"ஒம்பதே முக்கா. வேணும்னா நிறுத்துப் பாருங்க."
நிறுத்தேன்.
ஒன்பது கிலோ எழுநூறு.
"கொலுசைக் கழத்திட்டீங்கல்லா" என்றாள்.

பிறகு மொழி வளர்ச்சி.
இருபத்துநான்கு மாதத்தில்
இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும்.
டியோனா என் அளவுநாடாவைக் கடித்துப் பார்த்தாள்.
பந்தைக் காட்டினேன், பூனைப் படம் காட்டினேன்,
ஜெனோவா கெஞ்சினாள், பிறகு அதட்டினாள்.
வாயே திறக்கவில்லை.
பேனா 'இல்லை'க்குப் பக்கத்தில் போய்விட்டது.

அலமாரி மேல் வயர்லெஸ் கரகரத்தது.
யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்,
ஐஸ் தீர்ந்ததைப் பற்றியோ காற்றைப் பற்றியோ.
இவர்கள் படகு இல்லை.
இருந்தும் அவள் எழுந்து நடந்தாள்
எட்டு அடி, விழாமல்
(அதற்குத் தனிக் கட்டம் உண்டு),
அலமாரியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி
அண்ணாந்து சொன்னாள்:
"அப்பா. ஓவர்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.
இந்தப் பக்கம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால்தான்
அந்தப் பக்கம் பேச முடியும் என்று
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

"எல்லாத்துக்கும் அப்படித்தான்," ஜெனோவா சிரித்தாள்.
"கோழி ஓவர். கஞ்சி ஓவர்.
தூங்கையில எனக்கும் ஓவர்."

ஓவர் ஒரு சொல்லா, வெறும் சமிக்ஞையா?
அடுத்த கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினோம்.
பட்டியலில் இல்லை என்றார் ஒருவர்.
ஒரு குழந்தைதானே, விலக்கிவிடலாம் என்றார் இன்னொருவர்.
நான் 'ஆம்' போட்டிருந்தேன்.
அதை மட்டும் மாற்றவில்லை.

பதினான்கு இன்னும் காலியாக இருக்கிறது.
எண் இல்லாமல் கணினி அடுத்த வரிக்கு விடுவதில்லை;
பதில் இல்லையென்றால் தொண்ணூற்றொன்பது போடச் சொல்கிறது.
பதிலா இல்லை?
வாசல்வரை வந்து சொன்னாளே:
"அவரு வந்தா பத்து நாளு கரையில நிப்பாரு.
அப்ப இந்தப் பேப்பரைக் கொண்டு வாங்க டீச்சரே.
நூத்தி அறுவத்தெட்டு மணின்னு எழுதிக்கிடலாம்.
பெறவு அடுத்த வாரம் வந்து
அழிச்சிட்டும் போங்க."
பெரிய கட்டம் என்னிடம்
'இருபத்தொன்றும் அதற்கு மேலும்'தான்.

படகு கரை வந்ததாக
அங்கன்வாடியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.
கொல்லங்கோடு பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம்.
நான் போகவில்லை.
அந்தப் பத்து நாளும் அந்த வீட்டில்
பேனாவோடு ஒரு ஆள் எதற்கு.