இரண்டு சாவிப் பூட்டு

கடன் கேட்பவர்களின் கழனியைப் பார்த்து
சென்ட்டுக்கு என்ன பெறும் என்று எழுதுவது என் வேலை.
வாலாஜாப்பேட்டைக் கிளையிலிருந்து வண்டியில் முக்கால் மணி
சாத்தம்பூண்டி ஏரிக்கரை.
மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பேன்.
தலைமடையிலும் கடைமடையிலும்
ஒரே களி, விரலிடுக்கில் ஒரே கறுப்பு.
மழையும் ஆள் பார்த்துப் பெய்ததில்லை.
ஆனாலும் படிவத்தில்
தலைமடைக்கு ஒன்பதாயிரம்,
கடைமடைக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்று
பதினோரு வருஷம் எழுதினேன், கை கூசாமல்.

காரணம் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.
இருந்திருந்தால் எழுதியிருப்பேன்:
மதகுச் சாவி
ஜம்புலிங்கத்தின் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது.

பாசன சங்கத்துக்கு நான்கு தேர்தல், நான்கும் போட்டியின்றி.
மனுத் தாள் காலை பத்துக்கே தீர்ந்துவிடும்.
கெட்டவர் இல்லை. எனக்கு மோர் கொடுப்பார்.
கேட்டால் தண்ணீரும் விடுவார்.
கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டியிருந்தவர்கள்
நடவைத் தள்ளிப்போட்டார்கள்,
பிறகு மல்லாட்டைக்கு மாறினார்கள்,
பிறகு ராணிப்பேட்டை தோல் ஷாப்புக்கு
ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள்.
வருமா வராதா என்ற தண்ணீரை நம்பி
யார் எரு கொட்டுவார்கள்?
சோம்பேறிகள் என்றார் மேனேஜர்.
நான் மறுக்கவில்லை. சாப்பாட்டு நேரம்.

ஐந்தாம் தேர்தலுக்குக் கோர்ட்டு ஆணையோடு தாசில்தார் வந்து
பள்ளிக்கூடத்தில் பெட்டி வைத்தார்.
கடைமடை அஞ்சலாட்சி ஏழு ஓட்டில் ஜெயித்தாள்.
சாவி இடுப்பு மாறும்,
இனி தலைமடை மல்லாட்டை போடும் என்று நினைத்தேன்.

அவள் வங்கிக்கு வந்தாள்,
நகை வைக்க அல்ல, லாக்கரைப் பார்க்க.
எங்கள் சாவி ஒன்று, வாடிக்கையாளர் சாவி ஒன்று,
இரண்டும் சேராமல் திறக்காது என்று காட்டினேன்.
இன்னொரு தரம் திறக்கச் சொன்னாள்.
இன்னொரு தரம்.

மறுவாரம் மதகுத் திருகின்மேல்
காட்பாடிப் பட்டறையில் அடித்த பூட்டு.
ஒரு சாவி தலைமடையில், ஒன்று கடைமடையில்.
பக்கத்துச் சுவரில் தாரால்
யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம்.
நீர்க்கட்டி தேசிங்கு விழுந்து விழுந்து சிரித்தான்.

முதல் போகத்தில் இரு சாவியும் முறைத்துக்கொண்டு
ஒன்பது நாள் திறக்கவில்லை.
இரண்டு பக்கமும் கருகியது.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த தேர்தலில் அஞ்சலாட்சி தோற்றாள்.
ஜெயித்த ஜம்புலிங்கத்தின் மகன்
ரம்பத்தோடு மதகுக்குப் போனான்.
அவன் பெரியப்பாவே கையைப் பிடித்தாராம்:
"அறுத்துடலாம்டா. அதுக்கடுத்து அவ வந்தா?"

நேற்று கடைமடைக்காரன் ஒருவன்
நடவு மெஷினுக்குக் கடன் கேட்டான்.
சென்ட்டுக்கு ஏழாயிரம் என்று எழுதினேன்.
மண்ணை எடுத்துப் பார்க்க மறந்துவிட்டேன்.
சுவரில் தார் அழியாமல் இருக்கிறதா என்று மட்டும்
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.